சிஎன்சி மெஷினோட மூளைய நாமளே திறந்து பாக்க முடிஞ்சா: ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோலர் பத்தி ஒரு அறிமுகம்

ஒரு பழைய சிஎன்சி மில்லிங் மெஷின், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி தானா வெட்டற மெஷின். பெட்டு முழுக்க வார்ப்பு இரும்பு, பால் ஸ்க்ரூல (மோட்டார் சுத்தறத நேர் நகர்வா மாத்தற திருகுத் தண்டு) பெருசா தேய்மானம் இல்ல, டூல பிடிச்சு சுத்தற ஸ்பிண்டில கையால சுத்துனா பேரிங் சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகுது, மோட்டாரெல்லாம் கூட நல்லா தான் இருக்கு. ஆனா மெஷின் ஓடாது. ஏன்னா பக்கத்துல நிக்கற கண்ட்ரோலர் பெட்டி செத்துப் போச்சு, உள்ள ஏதோ ஒரு போர்டு போயிடுச்சு, அந்த போர்ட இப்ப யாரும் தயாரிக்கறதில்ல, செகண்ட் ஹேண்ட்ல தேடுனா கிடைக்கற விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கிடலாம் போல. இப்படி எடைக்குப் போன மெஷின்கள் எத்தனையோ. இரும்பு 40 வருஷம் தாங்கும், அது கூட வர்ற எலக்ட்ரானிக்ஸ் அதுல பாதி தாங்குனாலே பெருசு. மெஷினோட உடம்பு நல்லா இருக்கறப்பவே மூளை போயிடுது, அந்த மூளைக்குள்ள என்ன இருக்குன்னு சொந்தக்காரருக்கே தெரியாது, தெரிஞ்சுக்கவும் வழி கிடையாது.

இதுக்கு மாத்து வழி ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு, ஆனா நிறைய பேரு அத "ஹாபிக்கு ஆகும், வேலைக்கு ஆகாது"ன்னு ஒதுக்கிடறாங்க. அது தான் ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோல் சாஃப்ட்வேர், அதாவது உள்ள இருக்கற கோட யார் வேணாலும் படிச்சு மாத்திக்கற மாதிரி வெளிய கொடுத்திருக்கற சாஃப்ட்வேர். அது ஃப்ரீங்கறது அதுல இருக்கறதுலயே சின்ன நன்மை, பெரிய நன்மைங்க வேற. அத புரிஞ்சுக்கணும்னா முதல்ல கண்ட்ரோலர் என்ன வேலை பண்ணுதுன்னு பாத்துடணும்.

கண்ட்ரோலர் உள்ள என்ன தான் நடக்குது

ஆபரேட்டர் எழுதற ப்ரோக்ராம் ஜி-கோடு. அதுல ஒரு வரி, "ஜி1 எக்ஸ்50 எஃப்300"னு வச்சுக்கோங்க. எக்ஸ் ஆக்சிஸ் (மெஷின் நகர்ற திசைகள்ல ஒண்ணு) பூஜ்ஜியத்துல இருக்கு, அங்கேருந்து நிமிஷத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்துல நேர்கோட்டுல 50-க்குப் போன்னு அர்த்தம். நமக்கு அது ஒரு வரி. மெஷினுக்கு அது பத்து செகண்டு வேலை, ஏன்னா 300-ன்னா செகண்டுக்கு 5 மில்லிமீட்டர்.

கண்ட்ரோலர் என்ன பண்ணும்னா, முதல்ல அந்த வரிய படிச்சு புரிஞ்சுக்கும், இதுக்கு இன்டர்ப்ரிட்டர்னு பேரு. அப்புறம் எங்க வேகம் எடுக்கணும், எங்க குறைக்கணும், அடுத்த வரி வேற திசையில திரும்புதா, திரும்புனா மூலையில நிக்கணுமா இல்ல லேசா வளைஞ்சு போகலாமான்னு ஒரு திட்டம் போடும், இது ட்ராஜெக்டரி பிளானர். அதுக்கப்புறம் அந்தப் பாதைய பொடிப்பொடியா நறுக்கும். லினக்ஸ்சிஎன்சிங்கற ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோல் சாஃப்ட்வேர்ல வழக்கமா ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "இப்ப நீ இங்க இருக்கணும்"னு புது பொசிஷன் கொடுக்கும், அதாவது நம்ம ஒரே வரி பத்தாயிரம் சின்ன கட்டளையா மாறுது, ஒவ்வொண்ணும் 0.005 மில்லிமீட்டர் நகர்றது. ஸ்டெப்பர் மோட்டார்னா, அதாவது ஒரு மின் துடிப்புக்கு ஒரு ஸ்டெப்னு சுத்தற மோட்டார்னா, இத பல்ஸா மாத்தணும். சுத்துக்கு 200 ஸ்டெப், டிரைவ் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டா பிரிக்குது (மைக்ரோஸ்டெப்), ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 5 மில்லிமீட்டர் போகும்னா, 200 பெருக்கல் 8 வகுத்தல் 5, மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். 50 மில்லிமீட்டர் போக 16,000 பல்ஸ். ஒண்ணு தப்புனாலும் ஜாப்ல அளவு தப்பும்.

இதுல முக்கியமான விஷயம் நேரம். சாதாரண கம்ப்யூட்டர்ல நீங்க ஒரு ஃபைல திறக்கறப்ப அரை செகண்டு தாமதமானா யாருக்கும் தெரியாது, ஆனா வெட்டிட்டு இருக்கற டூலுக்கு ஒரு மில்லிசெகண்டு தாமதம்னா அது ஒரு குலுக்கல். அதனால தான் லினக்ஸ்சிஎன்சி மாதிரி கம்ப்யூட்டர்ல ஓடற சாஃப்ட்வேருக்கு ரியல்டைம் லினக்ஸ் வேணும், எது நடந்தாலும் இந்த வேலைய சொன்ன நேரத்துல செய்னு கட்டாயப்படுத்தற கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி). முன்னாடி இதுக்குத் தனியா ஒட்டு போட்ட கெர்னல் தேடணும், இப்ப ப்ரீஎம்ப்ட் ஆர்டிங்கற அந்த ஒட்டு வேலையெல்லாம் 2024-ல வந்த 6.12 கெர்னல்லயே சேந்துடுச்சு. லினக்ஸ்சிஎன்சியே கூட டெபியன்ங்கற லினக்ஸ் வகையோட 12-ம் பதிப்புலேருந்து நேரடியா பேக்கேஜா கிடைக்குது.

எங்கேருந்து வந்துச்சு

சிஎன்சியோட தாத்தா 1952-ல அமெரிக்காவுல எம்ஐடில காமிச்ச மில்லிங் மெஷின், ஓட்டை போட்ட டேப்ப படிச்சு ஓடுனது. அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா கண்ட்ரோலர் பண்ணாங்க, ஒண்ணோட ஒண்ணு பேசாது, உள்ள என்னன்னு காட்டவும் மாட்டாங்க. 1990-கள் ஆரம்பத்துல அமெரிக்க அரசோட தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், எல்லாரும் பாத்துப் படிக்கற மாதிரி, எந்தப் பகுதியையும் கழட்டி மாத்தற மாதிரி ஒரு கண்ட்ரோலர் எழுத முடியுமான்னு முயற்சி பண்ணுச்சு. பேரு என்ஹான்ஸ்டு மெஷின் கண்ட்ரோலர், சுருக்கமா இஎம்சி. சும்மா லேப்ல வச்சுப் பாக்கல, ஜெனரல் மோட்டார்ஸோட பவர்டிரெய்ன் ஒர்க்‌ஷாப்ல ஒரு நாலு ஆக்சிஸ் மெஷினிங் சென்டர்ல பூட்டி நிஜ ஜாப் ஓட்டிப் பாத்தாங்க. அரசு ஊழியர்கள் எழுதுனதால அது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்தா வெளிய வந்துச்சு, உலகம் முழுக்க மெஷின் வச்சிருக்கறவங்க எடுத்து வளத்தாங்க, இஎம்சி2 ஆச்சு, அதே பேர்ல ஒரு பெரிய கம்பெனி இருந்ததால 2011 வாக்குல லினக்ஸ்சிஎன்சின்னு பேரு மாத்துனாங்க. ஹாபிக்காரங்க விளையாட்டா ஆரம்பிச்சதுன்னு நினைக்கறவங்களுக்காகத் தான் இவ்ளோ சொல்றேன், இதோட வேரே தொழிற்சாலையில தான் இருக்கு.

இன்னொரு கிளை ரொம்ப சின்ன இடத்துலேருந்து வந்துச்சு. 2009-ல சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட்னு ஒருத்தர் ஆர்டுயினோங்கற சின்ன சிப்பு போர்டுல ஓடற மாதிரி ஜிஆர்பிஎல்னு ஒண்ணு எழுதுனார், 2011-லேருந்து சங்குன் ஜியோன் அத எடுத்து மெருகேத்துனார். 32 கிலோபைட் மெமரி, 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பு, அதுக்குள்ள ஜி-கோடு படிச்சு, மூணு ஆக்சிஸ ஆக்ஸிலரேஷனோட ஓட்டி, செகண்டுக்கு 30,000 ஸ்டெப் வரைக்கும் கொடுக்குது. சின்ன ரவுட்டர், லேசர் கட்டர்னு இன்னைக்கு டேபிள் மேல நிக்கற மெஷின்கள்ல பெரும்பாலும் இதோ இதோட வாரிசோ தான். அந்த கோட ஒரு தடவை முழுசா படிங்க, கஞ்சத்தனமா மெமரி வச்சுக்கிட்டு எவ்ளோ நேர்த்தியா எழுதலாம்னு அதுல பாக்கலாம்.

செட்டிங் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்

முதல் நன்மை கேக்க சாதாரணமா இருக்கும். நான் கண்ணால பாத்த ஒரு விஷயம் சொல்றேன். ஒரு பழைய லேத், அதோட கண்ட்ரோலர்ல மெஷின் பராமீட்டர் எல்லாம் பேட்டரி தாங்கிப் பிடிக்கற மெமரில இருந்துச்சு. பேட்டரி மாத்தச் சொல்லி ஸ்க்ரீன்ல வந்த எச்சரிக்கைய யாரும் கண்டுக்கல. லாங் லீவு, மெஷின் பல நாள் ஆஃப். திரும்பி வந்து ஆன் பண்ணா எல்லாம் காலி, ஆக்சிஸ் எவ்ளோ தூரம் போகும், ஸ்க்ரூ பிட்ச் என்ன, பேக்லாஷ் (திசை திரும்பறப்ப வர்ற தளர்வு) எவ்ளோ, டர்ரெட் (டூல்கள பிடிக்கற சுழல் தலை) எத்தனை ஸ்டேஷன், எதுவுமே அதுக்குத் தெரியல. மெஷினோட வந்த பராமீட்டர் பேப்பரும் காணோம். தயாரிச்ச கம்பெனிக்கு எழுதுனா அந்த மாடலுக்கு இப்ப சப்போர்ட் இல்லன்னு ஒரு வரி பதில். ஒவ்வொண்ணா அளந்து அளந்து போட்டு மெஷின நிமித்தறதுக்குள்ள அந்த ஆபரேட்டர் பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது.

லினக்ஸ்சிஎன்சில அதே விஷயங்க எல்லாம் ஒரு ஐஎன்ஐ ஃபைல்லயும் ரெண்டு மூணு ஹால் ஃபைல்லயும் இருக்கு (ஹால் என்னன்னு கீழ சொல்றேன்). நோட்பேட்ல திறந்து படிக்கலாம். பென் டிரைவ்ல ஒரு காப்பி, மெயில்ல ஒரு காப்பி, முடிஞ்சது. கம்ப்யூட்டர் எரிஞ்சு போனா கூட வேற கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணி அந்த ஃபோல்டர காப்பி பண்ணா மெஷின் பழையபடி வந்துடும். ஜிஆர்பிஎல்ல கூட ரெண்டு டாலர் குறி அடிச்சா மொத்த செட்டிங்கும் நம்பரோட ஸ்க்ரீன்ல கொட்டும், அத காப்பி பண்ணி வச்சுக்கிட்டா போதும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் நிப்பேன்.

உள்ள நடக்கறத கண்ணால பாக்கறது

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

லினக்ஸ்சிஎன்சியோட உயிர்நாடி ஹால். ஹார்டுவேர் அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர்ங்கறதோட சுருக்கம், பேருல பயப்பட வேண்டாம். ஒரு கண்ட்ரோல் பேனல திறந்தா உள்ள ரிலே, டைமர், டெர்மினல், அதுங்க நடுவுல ஒயர் இருக்கும்ல, அதே மாதிரி சாஃப்ட்வேருக்குள்ள ஒரு பேனல். ஒவ்வொரு பாகத்துக்கும் பின் (இணைப்பு முனை) இருக்கு, எந்தப் பின்ன எந்தப் பின்னோட சேக்கணும்னு நாம ஒரு வரி எழுதுனா சாஃப்ட்வேர் ஒயர் போட்ட மாதிரி. ஒயரிங் தெரிஞ்ச எலக்ட்ரீஷியனுக்கு ப்ரோக்ராமர விட சீக்கிரம் இது புரிஞ்சுடும்.

இந்தப் பேனல்ல எந்த ஒயர்ல வேணாலும் மீட்டர் வச்சுப் பாக்கலாம், அதுக்கு ஹால்மீட்டர். அலையா வரைஞ்சு பாக்கணும்னா ஹால்ஸ்கோப், நிஜ ஆஸிலோஸ்கோப் மாதிரியே, ஆனா கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கு, தனியா வாங்க வேண்டியதில்ல. ஒரு தடவை ஒரு சர்வோ மில்லுல (இருக்கற இடத்த அளந்து தன்ன தானே திருத்திக்கற மோட்டார் உள்ளது) வட்டம் வெட்டுனா வட்டத்துல நாலு இடத்துல நகத்தால தடவுனா தட்டுப்படற மாதிரி சின்ன மேடு வந்துட்டே இருந்துச்சு. அந்த நாலு இடமும் என்னன்னா எக்ஸோ ஒய்யோ ஒண்ணு நின்னு திரும்பற இடம். ஹால்ஸ்கோப்ல ஃபாலோயிங் எரர போட்டேன், அதாவது இருக்க வேண்டிய இடத்துக்கும் நிஜமா இருக்கற இடத்துக்கும் வித்தியாசம். ஸ்க்ரீன்ல ரெண்டு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. ஒண்ணு, ஓடறப்ப எல்லாம் எரர் ஒரே அளவுல பின்தங்கியே இருக்கு, வேகம் கூடுனா கூடுது. ரெண்டு, திரும்பற நொடியில மட்டும் ஊசி மாதிரி ஒரு குத்து. முதலாவது டியூனிங் வேலை, பிஐடில (எரர பாத்து மோட்டார திருத்தற கணக்கு) எஃப்எஃப்1னு ஒரு நம்பர் இருக்கு, வேகத்துக்கு ஏத்த மாதிரி முன்கூட்டியே உந்தற நம்பர், அது பூஜ்ஜியமா கிடந்துச்சு, வேகத்தையே கட்டளையா எடுத்துக்கற வெலாசிட்டி மோடு டிரைவுங்கறதால 1-னு வச்சேன், அந்தக் கோடு அப்படியே தரையோட படிஞ்சுடுச்சு. ஆனா ஊசி போகல. அது சாஃப்ட்வேர் பிரச்சனையே இல்ல, ஸ்லைடோட கிப் (ஆட்டம் இல்லாம பிடிச்சு வைக்கற பட்டை) ரொம்ப இறுக்கமா இருந்து, ஆயிலும் ஒரு பக்கம் சரியா வராம, ஸ்லைடு ஒட்டிக்கிட்டு அப்புறம் நழுவுது. கிப்ப தளத்தி, ஆயில் லைன் அடைப்ப எடுத்தேன், ஊசி சுருங்கிடுச்சு, வட்டமும் சரியாச்சு.

மூடுன கண்ட்ரோலர்லயும் இந்த மாதிரி கிராஃப் காட்டற வசதி சில மாடல்ல உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா எந்த சிக்னல பாக்கலாம்னு அவங்க முடிவு பண்ணி வச்சிருப்பாங்க, பல நேரம் அது சர்வீஸ் ஆளோட பாஸ்வேர்டுக்குப் பின்னாடி இருக்கும். இங்க எல்லா ஒயரும் உங்க முன்னாடி. பிரச்சனை இரும்புலயா மின்சாரத்துலயா ப்ரோக்ராம்லயான்னு பிரிச்சுப் பாக்க முடியறது தான் ரிப்பேர்ல பாதி வேலை.

அதே ஹால்ல நம்ம தேவைக்கு ஏத்த மாதிரி ஒயர மாத்தியும் போடலாம். காத்து அழுத்தம் குறைஞ்சா ஃபீடு (வெட்டறப்ப டூல் நகர்றது) நிக்கணுமா? பிரஷர் ஸ்விட்ச் வர்ற இன்புட்ட ஃபீடு இன்ஹிபிட்னு இருக்கற பின்ல சேத்தா போதும். ஸ்பிண்டில் முழு ஆர்பிஎம் எடுக்கறதுக்கு முன்னாடி டூல் ஜாப்ல பாயக் கூடாதா, அதுக்கு அட்-ஸ்பீடு பின் இருக்கு. ஸ்பிண்டில் லோடு ஏற ஏற ஃபீடு தானா குறையணும்னா அடாப்டிவ் ஃபீடு பின்ல லோடு சிக்னல கணக்கு பண்ணி கொடுக்கலாம். பிஎல்சி லேடர் (தொழிற்சாலை கண்ட்ரோலர்ல ரிலே படம் மாதிரி எழுதற ப்ரோக்ராம்) தெரிஞ்சவங்களுக்கு உள்ளயே கிளாசிக் லேடர் இருக்கு, டூல் சேஞ்சர் லாஜிக் எல்லாம் அதுல எழுதிடலாம். மூடுன கண்ட்ரோலர்ல இதுல பலதும் முடியாதுன்னு இல்ல, ரிஜிட் டேப்பிங் (ஸ்பிண்டிலோட சேந்து ஓட்டைக்குள்ள மரை போடறது), கூடுதல் ஆக்சிஸ் மாதிரி வசதிங்க பெட்டிக்குள்ள ஏற்கனவே இருந்தும் ஆப்ஷன்னு சொல்லிப் பூட்டி வச்சிருப்பாங்க, தொறக்கறதுக்கு தனியா காசு. லினக்ஸ்சிஎன்சில ஒன்பது ஆக்சிஸ் வரைக்கும், ஸ்பிண்டிலோட சேந்து திரெட் போடறது, டேப் பண்றது எல்லாம் பூட்டு இல்லாம இருக்கு, ஸ்பிண்டில்ல என்கோடர் (எவ்ளோ சுத்துச்சுன்னு சொல்ற சென்சார்) மாட்டிக்கிட்டா போதும்.

விசித்திரமான மெஷின் பண்றவங்களுக்கு இன்னும் ஒரு படி மேல. மோட்டாருங்க எப்படி நகர்ந்தா டூல் நுனி எங்க போகும்ங்கற கணக்குக்கு கினமேட்டிக்ஸ்னு பேரு. சாதாரண மில்லுல அது ஒண்ணுக்கு ஒண்ணு. ரோபோ கை, ஆறு கால் ஹெக்ஸாபாட், ஸ்காராங்கற வகை ரோபோ மாதிரி மெஷின்ல அது பெரிய கணக்கு. லினக்ஸ்சிஎன்சில இதுங்களுக்கு ரெடிமேடாவே ஃபைல் இருக்கு, அதுல இல்லாத மாதிரி ஒரு மெஷின் உங்க தலையில தோணுச்சுன்னா அதுக்கான கணக்க சி மொழியில எழுதி சேத்துக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல.

குறைய பாத்தவங்களே சரி பண்றது

லினக்ஸ்சிஎன்சி மேல நியாயமான குறை ஒண்ணு ரொம்ப நாளா இருந்துச்சு. வளைவான மோல்டு மாதிரி ஜாப்ல கேம் (CAM, டிராயிங்லேருந்து ஜி-கோடு எழுதித் தர்ற) சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்கான குட்டிக்குட்டி கோடா ப்ரோக்ராம் கொடுக்கும். பழைய பிளானர் அடுத்த ஒரு கோட்ட மட்டும் தான் முன்னாடி பாக்கும், அதனால எங்க நிக்க வேண்டி வருமோன்னு பயந்து பயந்து மெதுவா போகும், நீங்க ஃபீடு எவ்ளோ கொடுத்தாலும் எடுக்காது. பயனர்கள் மத்தியிலேருந்தே அந்தக் கணக்க உக்காந்து திருத்தி எழுதுனாங்க, 2015-ல வந்த 2.7 பதிப்புல நிறைய கோடுகள முன்கூட்டியே பாத்துப் போற பிளானர் வந்துச்சு, அதே மெஷின் அதே ப்ரோக்ராம சீரா ஓட்ட ஆரம்பிச்சுது. இதுக்காக யாரும் புது பெட்டி வாங்கல, ஒரு அப்டேட் போட்டாங்க, அவ்ளோ தான்.

மெஷின் தயாரிச்சு விக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸ்சிஎன்சி, ஜிஆர்பிஎல் ரெண்டும் ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ். இத போட்டு மெஷின் பண்ணி லாபத்துக்கு விக்கலாம், தடையே இல்ல. ஆனா சாஃப்ட்வேர்ல நீங்க மாத்தம் பண்ணி மெஷினோட கொடுத்தீங்கன்னா அந்த மாத்துன சோர்ஸ் கோடும் வாங்குனவருக்குக் கிடைக்கணும். உங்க ஒர்க்‌ஷாப்புக்குள்ளயே வச்சு ஓட்டறதுக்கு மாத்துனா யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. வாங்கறவர் பக்கத்துலேருந்து பாத்தா இது பெரிய பாதுகாப்பு, நாளைக்கு நீங்க கடைய மூடுனாலும் அவரோட மெஷின் அநாதை ஆகாது.

எங்க கஷ்டம், எத எப்ப தவிர்க்கணும்

இதயெல்லாம் சொல்லிட்டு கஷ்டத்த சொல்லாம விட்டா நியாயம் இல்ல. முதல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நின்னா போன் அடிச்சு கூப்பிட ஒரு சர்வீஸ் இன்ஜினியர் கிடையாது. கத்துக்க நேரம் ஆகும், ஒயரிங், கிரவுண்டிங், ஷீல்டு கேபிள் எல்லாம் உங்க பொறுப்பு, புதுசா பண்றவங்களுக்கு வர்ற மர்மமான பிரச்சனைங்கள்ல நிறைய சாஃப்ட்வேர்ல இல்லாம மின் இரைச்சல்ல தான் இருக்கும். புது மெஷின், வாரண்டி இருக்கு, மூணு ஷிஃப்டும் ஓடுது, ஒரு நாள் நின்னா ஆர்டர் போயிடும்ங்கற நிலமையில அதோட கண்ட்ரோலர கழட்டறது புத்திசாலித்தனம் இல்ல. அஞ்சு ஆக்சிஸும் சேந்து அதிவேகத்துல ஃபினிஷிங் எடுக்கற வேலையில பெரிய கம்பெனி கண்ட்ரோலர்கள் இன்னும் முன்னாடி தான் இருக்கு, நான் சொன்ன புது பிளானரோட பலன் கூட எக்ஸ், ஒய், இசட் நகர்வுல தான் முழுசா கிடைக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல நான் கொஞ்சமும் விட்டுக் கொடுக்க மாட்டேன். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன அழுத்துனா டிரைவுக்குப் போற பவர் கான்டாக்டர் (பெரிய மின் ஸ்விட்ச்) வழியா நேரடியா துண்டாகணும். கம்ப்யூட்டருக்கு ஒரு தகவல் போகலாம், ஆனா கம்ப்யூட்டர் கேட்டு முடிவெடுத்து நிறுத்தறதுங்கறது கூடவே கூடாது, அது ஓப்பன் சோர்ஸா இருந்தாலும் சரி எவ்ளோ விலை கொடுத்த பெட்டியா இருந்தாலும் சரி. கதவு இன்டர்லாக்குக்கும் இதே தான். சாஃப்ட்வேர் லைசென்ஸ்லயே எந்த உத்தரவாதமும் இல்லன்னு எழுதியிருக்கு, அத படிச்சுட்டு விரல் இருக்கற இடத்துக்கு பக்கத்துல வேலை பண்ணுங்க.

எதுலேருந்து ஆரம்பிக்கறது

சின்ன ரவுட்டர், மூணு ஆக்சிஸ் ஸ்டெப்பர், மரம் பிளாஸ்டிக் அக்ரிலிக்னா ஜிஆர்பிஎல் போதும். அதுல இடம் பத்தலன்னா 32 பிட் போர்டுல ஓடற ஜிஆர்பிஎல்ஹால், இஎஸ்பி32 சிப்புல வைஃபையோட ஓடற ஃப்ளூயிட்என்சி மாதிரி வாரிசுங்க இருக்கு. ப்ரோக்ராம அனுப்ப யுனிவர்சல் ஜி-கோடு சென்டர் (Sender), பிசிஎன்சி (bCNC) மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேரும் இருக்கு. என்கோடர் உள்ள சர்வோ, டூல் சேஞ்சர், லேத்துல திரெட், பழைய பெரிய மெஷினுக்கு உயிர் கொடுக்கறதுன்னா லினக்ஸ்சிஎன்சி. டிராயிங்கும் டூல் பாத்தும் போட ஃப்ரீகேட் இருக்கு, ரொம்ப வருஷம் பீட்டா மாதிரியே இருந்துட்டு 2024 நவம்பர்ல 1.0 வந்துச்சு.

லினக்ஸ்சிஎன்சிக்கு கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கறதுல ஒரு விஷயத்த மறந்துடாதீங்க. வேகமான கம்ப்யூட்டர் தேவையில்ல, நேரம் தவறாத கம்ப்யூட்டர் தான் வேணும். அதுக்கு உள்ளயே லேட்டன்ஸி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. அத ஓட விட்டுட்டு கம்ப்யூட்டர வேணும்னே தொல்லை பண்ணுங்க, விண்டோவ இழுத்து ஆட்டுங்க, வீடியோ ஓட்டுங்க, பெரிய ஃபைல காப்பி பண்ணுங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும். அதுல காட்டற அதிகபட்ச ஜிட்டர் (நேரம் தவறற அளவு) 20 மைக்ரோசெகண்டுக்குள்ள இருந்தா பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் போர்ட்) வழியா நேரடியா ஸ்டெப் பல்ஸே எடுக்கலாம். 30, 50-ன்னா ஓடும், ஆனா வேகம் கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும். 100-அ தாண்டுனா அந்தக் கம்ப்யூட்டர்ல பல்ஸ் உருவாக்கற வேலைய கொடுக்காதீங்க, அதுக்கு மேசா கம்பெனியோடது மாதிரி எஃப்பிஜிஏ கார்டு (நம்ம தேவைக்கு அமைச்சுக்கற சிப்பு உள்ள கார்டு) இருக்கு, பல்ஸ் எண்ணறத அது பாத்துக்கும், கம்ப்யூட்டர் மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பொசிஷன் மட்டும் சொன்னா போதும். லேப்டாப் பெரும்பாலும் இந்த டெஸ்ட்ல தோத்துடும், பேட்டரி, ஃபேன், சூடு இதயெல்லாம் கவனிக்க அதோட ஹார்டுவேர் நடுவுல நடுவுல யாரையும் கேக்காம புகுந்துடும், கெர்னல் கூட அத தடுக்க முடியாது.

மெஷினே இல்லன்னாலும் இன்னைக்கே ஆரம்பிக்கலாம். லினக்ஸ்சிஎன்சிய ஏதாவது பழைய கம்ப்யூட்டர்ல போட்டு, திறக்கறப்ப வர்ற லிஸ்ட்ல சிமுலேஷன் கீழ ஆக்சிஸ்னு இருக்கறத எடுங்க. ஸ்க்ரீன்ல ஒரு கற்பனை மில்லு வரும், அதுக்கு மோட்டார் வேண்டாம், ஒயர் வேண்டாம், ரியல்டைம் கெர்னல் கூட வேண்டாம். எமர்ஜென்சிய விடுவிச்சு, பவர் ஆன் பண்ணி, மூணு ஆக்சிஸையும் ஹோம் பண்ணி (ஆரம்ப இடம் எதுன்னு மெஷினுக்கு சொல்லி), ஜி-கோட ஒவ்வொரு வரியா டைப் பண்ற எம்டிஐ-ல அந்த "ஜி1 எக்ஸ்50 எஃப்300"-அ அடிங்க. ஆனா இஞ்ச் மெஷினா வந்துட்டா 50 இஞ்ச்னு எடுத்துக்கும், அதனால முன்னாடி மில்லிமீட்டர்னு சொல்ற ஜி21 போட்டுக்கோங்க. அது நகர்ந்துட்டு இருக்கறப்பவே மெனுல ஹால்ஸ்கோப்ப திறந்து எக்ஸ் ஜாயின்ட்டோட பொசிஷன் பின்ன ஒரு சேனல்ல போட்டுப் பாருங்க, கோடு ஆரம்பத்துல லேசா வளைஞ்சு, அப்புறம் நேரா ஏறி, முடியற இடத்துல மறுபடி வளைஞ்சு நிக்கும்.